சென்னை – கோவில்பட்டி: 15 வருட பஸ் அனுபவம்

2010இல் வேலைக்காகச் சென்னைக்கு வந்தவன், மாதம் ஒரு முறையாவது ஊருக்குப் போய்விடுவேன். ஊர் என்றால் கோவில்பட்டி இல்லை, அங்கே இறங்கி எட்டயபுரம் போய், அப்புறம் விளாத்திகுளம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிப் போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் ரயில் (கிடைக்காது), இல்லாவிட்டால் பஸ்.

வண்டியில் குறையே சொல்ல மாட்டேன். முட்டி முன்சீட்டில் இடிக்க உட்கார்ந்து போன காலம் போய், 2018இல் அரசே படுக்கை பஸ் விட்டது. தனியார் ஆம்னி பஸ்ஸில் ஏசி, போர்வை, சார்ஜர் எல்லாம் உண்டு. பொங்கலுக்கு மட்டும் கட்டணத்தைப் பார்க்காமல் புக் செய்துவிட வேண்டும்.

கஷ்டமெல்லாம் இரண்டு முனையிலும்தான். 2023 டிசம்பர் 30இல் ஊருக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள், அடுத்த மாதமே ஆம்னிகளும் அங்கே போயின. நான் இருப்பது வில்லிவாக்கம். முன்பு பஸ் ஏறிய கோயம்பேடு என்றால் அரை மணி நேரம். இப்போது 7 மணி பஸ்ஸுக்கு 4.30க்கே கிளம்பணும், அதாவது அரை நாள் லீவு.

அந்தப் பக்கம் இன்னும் மோசம். போன மார்கழியில் அதிகாலை 3.50க்குக் கிளீனர் காலைத் தட்டி “கோவில்பட்டி, கோவில்பட்டி” என்றார். ஒரு செருப்பு பெர்த்துக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது, தேடுவதற்குள் பைபாஸில் இறக்கிவிட்டு வண்டி போயே போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு நின்றவனைப் பார்த்து ஆட்டோக்காரர், “அண்ணாச்சி, இந்நேரத்துக்கு டவுன் பஸ் ஏது? ஏறுங்க” என்றார். 250 ரூபாய். 570 கிலோமீட்டருக்கு 900 கொடுத்தவன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போக இதைக் கொடுத்தேன்!

ஆம்னிகளுக்கு இருப்பது ஒப்பந்த ஊர்தி (மொத்தமாக வாடகைக்குப் போகிற வண்டி) பெர்மிட், ரூட் பெர்மிட் இல்லை. அதனால் வழியில் இருக்கிற ஊருக்குள் நுழைந்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் கிடையாது. பைபாஸில் போனால் நேரமும் டீசலும் மிச்சம், அவர்கள் கணக்கு அவர்களுக்கு. ஆனால் நாற்கரச் சாலை வந்தபிறகு சின்ன ஊர்க்காரன் எல்லாம் விடியுமுன் ரோட்டோரத்தில் நிற்கிறான். இன்னும் நாலு சொகுசு வண்டி விட்டாலும் இது மாறாது, அங்கிருந்து ஊருக்குப் போக வண்டி வேண்டும்.

அதனால்தான் எனக்கு மினி பஸ் மேல் நம்பிக்கை. 1997 மினி பஸ் திட்டத்தில், ஒரு வண்டி வேறு பஸ் போகாத பாதையில் 16 கி.மீ., ஏற்கெனவே பஸ் ஓடுகிற பாதையில் 4 கி.மீ. மட்டும்தான் போகலாம் என்று கட்டிப் போட்டார்கள். பாதி வண்டி டவுனையே தொட முடியாது, கூட்டம் எங்கிருந்து வரும்? 2025இல் வந்த புதிய திட்டத்தில் 25 கி.மீ. வரை போகலாம். எங்கள் பக்கமும் ஒன்று ஓடுகிறது, எட்டயபுரத்தில் முதல் வண்டி 7.10க்கு.

இப்போதெல்லாம் அந்த 7.10ஐ வைத்துத்தான் சென்னையில் டிக்கெட் போடுகிறேன். இரவு 9.30 பஸ், அரை நாள் லீவு மிச்சம். செருப்பைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்.