வாள்வீரன் கையில் மந்திரப் புத்தகம்: மூன்று சிஸ்டம், மூன்று பதில்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரு சிக்கல். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் விளையாட்டு அது. ஐந்தாம் லெவலில் (அனுபவம் கூடக் கூட ஏறும் படி) இருந்த ஃபைட்டர், அதாவது வாள்வீரன் ஒருவன், இடிந்த கோபுரத்தில் செத்துக் கிடந்த மந்திரவாதியின் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டான். "இனிமேல் இவன் மந்திரம் படிக்கப் போகிறான், ஒருநாள் ஃபயர்பால் வீசுவான்" என்று அறிவித்துவிட்டார் அவனை ஆடும் நண்பர். ஃபயர்பால் என்பது நெருப்புப் பந்தை வீசும் மந்திரம். கதைக்கு நல்ல திருப்பம்தான். தலைவலி, ஆட்டத்தை நடத்தும் ஜி.எம். நாற்காலியில் இருந்த எனக்கு. நாங்கள் ஆடுவது டி அண்ட் டி-யின் (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) 2014 பதிப்பு. அதன் விதிகள் அந்தப் புத்தகத்தை லேசில் திறக்க விடாது.

எந்த சிஸ்டத்தில், அதாவது எந்த விதித்தொகுப்பில், சுதந்திரம் அதிகம் என்று பேச்சு வந்தால் உடனே எத்தனை கிளாஸ் (பாத்திரத்தின் தொழில்), எத்தனை ஃபீட் (தனித்திறமை) என்று எண்ணத் தொடங்குவார்கள். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாதி வழியில் பாத்திரத்தின் மனசு மாறினால் விதி என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அதனால் இதே ஆளை டி அண்ட் டி, பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு, கர்ப்ஸ் என்ற மூன்று விளையாட்டுகளிலும் ஓட்டிப் பார்த்தேன்.

டி அண்ட் டி-யில் அவன் பாதை மூன்றாம் லெவலிலேயே முடிவாகிவிட்டது. ஃபைட்டர் அந்த லெவலில் ஒரு உட்கிளாஸை, அதாவது கிளாஸுக்குள் ஒரு கிளையை, தேர்ந்தெடுக்க வேண்டும். நம்மாள் எடுத்தது மந்திரமே இல்லாத சாம்பியன். மந்திரம் கலந்த எல்ட்ரிச் நைட்டும் அதே இடத்தில்தான் இருந்தது; ஆனால் அப்போது புத்தகம் கிடைக்கவில்லையே! எல்ட்ரிச் நைட்டாகியிருந்தாலும் ஃபயர்பாலுக்குப் பதின்மூன்றாம் லெவல் வரை போக வேண்டும். இன்னொரு வழி, விசார்ட் (மந்திரவாதி) கிளாஸையும் சேர்த்துக்கொள்வது. அது விருப்ப விதி. பாத்திரத்தின் திறன்களில் ஒன்றான புத்தி 13 இருந்தாக வேண்டும். இவனுக்கு 10. இருந்திருந்தாலும் ஐந்து ஃபைட்டர் லெவல், ஐந்து விசார்ட் லெவல் என்று பத்தாம் லெவலில்தான் ஃபயர்பால். கூடவே வரும் முழுநேர விசார்ட் அதை ஐந்திலேயே வீசத் தொடங்கியிருப்பார்.

இந்த இறுக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1974 முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ்கள்: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி). 1975 துணைநூலில் திருடன் சேர்ந்தான். 1981 பேசிக் பதிப்பில் எல்ஃப் என்ற கற்பனை இனமே ஒரு கிளாஸ். வாளும் மந்திரமும் ஒரே ஆளிடம் இருந்தன, கேள்வியே எழவில்லை. 2000இல் மூன்றாம் பதிப்பு கதவை அகலத் திறந்தது: லெவல் ஏறும்போதெல்லாம் எந்தக் கிளாஸையும் எடுக்கலாம். உடனே, சலுகைக்காக இங்கே இரண்டு லெவல், அங்கே ஒரு லெவல் என்று பொறுக்குவது ஒரு கலையாகிவிட்டது. சில பாத்திரங்களைப் பார்த்தால் பயோடேட்டா மாதிரியே இருக்கும். இன்றைய இறுக்கம் அந்தக் கூத்துக்கான பதில் என்றே எனக்குப் படுகிறது.

சரி, பாத்ஃபைண்டருக்கு வருவோம். 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு கிளாஸை விடவில்லை. ஆனால் கிளாஸுக்குள் கிடைப்பதைச் சின்னச் சின்ன ஃபீட்களாக நறுக்கி வைத்திருக்கிறது. ஃபைட்டருக்கு இரட்டைப்படை லெவல்தோறும் ஒரு கிளாஸ் ஃபீட். ஆறாம் லெவலில் அந்த இடத்தில் விசார்ட் டெடிகேஷன் (வேறொரு கிளாஸின் திறமைக்குள் நுழையவிடும் ஃபீட்) எடுத்தால் போதும், சிறு மந்திரங்கள் இரண்டு கைக்கு வந்துவிடும். எட்டில் அடுத்த ஃபீட். அதோடு முதல் மூன்று நிலைகளிலும் தலா ஒரு மந்திரம். ஃபயர்பால் மூன்றாம் நிலை மந்திரம்; அதாவது எட்டிலேயே ஃபயர்பால்! இதற்காக வாள்வீச்சில் ஒரு புள்ளிகூடக் குறையாது. அவன் இன்னமும் முழு ஃபைட்டர். விட்டுக்கொடுத்தது இரண்டு ஃபைட்டர் ஃபீட்களை மட்டும்.

இங்கேயும் புத்தி 14 கேட்கிறார்கள். ஆனால் ஐந்தாம் லெவலில் நான்கு திறன்கள் ஒரே சமயத்தில் உயரும், அதனால் வலுவைப் பலி கொடுக்காமலே புத்தியை ஏற்றலாம். 12இல் தொடங்கியவனுக்கு அங்கேயே 14. நம்மாள் மாதிரி 10இல் தொடங்கியவன் பத்தாம் லெவல் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இன்னொரு பூட்டும் இருக்கிறது: டெடிகேஷன் எடுத்த துறையில் மேலும் இரண்டு ஃபீட் எடுக்காமல் அடுத்த டெடிகேஷனுக்குத் தாவ முடியாது. சலுகை பொறுக்குபவர்களுக்கு வைத்த வேலி அது. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986இல் கொண்டுவந்த கர்ப்ஸில் கிளாஸே கிடையாது. எல்லாம் புள்ளிக் கணக்கு. மேஜரி என்ற மந்திரத் திறன் முதல் படிக்கு 15 புள்ளி; அதை நடுவில் வாங்க ஜி.எம். சம்மதிக்க வேண்டும். ஃபயர்பாலுக்கு முன் நெருப்பு மூட்டுவது, நெருப்பை உண்டாக்குவது, அதை வளைப்பது என மூன்று மந்திரங்கள் தெரிந்திருக்க வேண்டும். நான்குக்கும் குறைந்தபட்சம் ஒவ்வொரு புள்ளி. ஆக மொத்தம் 19. அமர்வுக்கு 3 புள்ளி தரும் ஜி.எம். என்றால் ஏழு வாரம். லெவலும் இல்லை, காத்திருப்பும் இல்லை, பிரமாதம் என்று தோன்றுகிறதா? புத்தி 10 உள்ளவன் ஒரு புள்ளியில் கற்ற மந்திரம் 9இல் நிற்கும். அது பலிக்க மூன்று பகடையில் 9 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும்; அதற்கு 37.5 சதவீத வாய்ப்புதான். கையில் மந்திரம் இருக்கும், பாதிக்கு மேல் புஸ்வாணமாகும்.

கிளாஸ் வேண்டாம் என்ற அந்த விளையாட்டிலேயே, புதிதாக வருபவர்கள் திணறாமல் இருக்க, போர்வீரனுக்கு இவை, மந்திரவாதிக்கு இவை என்று வார்ப்புகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் விட்ட செருப்பு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. ஏனென்றால் கிளாஸ் ஆடுபவருக்கு மட்டுமான வசதி அல்ல. "நான் கிளெரிக்" என்று ஒருவர் சொன்னதும், காயத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது மேசையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கர்ப்ஸில் அதைப் பேசி முடிவு செய்யவே ஒரு மாலை போய்விடும்.

புதிதாக நீண்ட ஆட்டம் ஒன்றைத் தொடங்கினால் நான் பாத்ஃபைண்டரைத்தான் எடுப்பேன். ஆனால் எங்கள் ஐந்து பேரில் இருவர் விதிப்புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள்; அவர்கள் இருக்கும்வரை டி அண்ட் டி-தான். கர்ப்ஸ், எல்லோரும் கணக்கை ரசிக்கும் மேசைக்கு.

அப்புறம் அந்த ஃபைட்டர்? 2020இல் வந்த டி அண்ட் டி துணைநூலில் உட்கிளாஸை மாற்றிக்கொள்ள ஒரு விருப்ப விதி உண்டு. நண்பர் வேண்டாம் என்றுவிட்டார், சாம்பியனை விட மனசில்லை. ஆறாம் லெவலில் மேஜிக் இனிஷியேட் ஃபீட் எடுத்தார்: இரண்டு சிறு மந்திரங்கள், நாளுக்கு ஒருமுறை ஒரு முதல்நிலை மந்திரம். அந்த மந்திரத்தால் ஃபைட்டர் ஓர் ஆந்தையை வரவழைத்துத் தோளில் வைத்துக்கொண்டு திரிகிறான். ஃபயர்பாலைப் பற்றி இப்போதெல்லாம் பேச்சே இல்லை.