தேர்வுக்காகவா, கூட வருபவருக்காகவா? தீயணைப்பு வீரர்களின் உடற்பயிற்சி

உடல்தகுதித் தேர்வு நெருங்கினால் தீயணைப்பு வீரர்கள் தாமாகவே ஓடத் தொடங்குவார்கள். நல்ல தூண்டுதல்தான். ஆனால் தேர்வு முடிந்ததும் பலருக்கு ஓட்டமும் நின்றுவிடும்.

கூட வரும் ஆளைப் பற்றிய அக்கறை வேறு மாதிரி. பாதுகாப்பு உடை, மூச்சுக்கருவி எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தோடு புகைக்குள் மயங்கிய சகவீரரை இழுத்து வர வேண்டும். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களுக்குப் பணியில் நேரும் இறப்புகளுக்கு முதன்மைக் காரணமே தீக்காயம் அல்ல, திடீர் இதய நிறுத்தம். இது தெரிந்தவர் ஓடுவதற்குத் தேர்வுத் தேதி தேவையில்லை. உளவியலாளர்கள் டெசி, ரயன் இருவரின் சுயநிர்ணயக் கோட்பாடும் மனமுவந்து ஏற்ற காரணமே நீடிக்கும் என்கிறது.

சரி, தேர்வும் இருக்கட்டும். ஆனால் பணிநேரத்திலேயே குழுவாகப் பயிற்சி செய்ய இடம் கொடுப்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.