டிஸ்காக்ஸா, லாஸ்ட் எஃப்எம்மா?

கையில் இருக்கும் இசைத்தட்டுகளைக் கணக்கு வைக்க, 2000-இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் என்ற இணையதளம்தான் என் தேர்வு. ஒரே ஆல்பத்தின் பல பதிப்புகளையும் அது தனித்தனியாகக் காட்டும். நடு லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எழுத்துகளை வைத்து நம்முடையது எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்கலாம். அந்தத் தேடலே தனி சுகம். ஆனால் எதை எத்தனை முறை கேட்டோம் என்பது அதற்குத் தெரியாது.

அதற்கு, நாம் கேட்கும் பாட்டுகளைக் கணக்கு வைக்கும் லாஸ்ட் எஃப்எம் இணையதளம். போனிலோ கணினியிலோ 30 விநாடிக்கு மேல் நீளும் பாட்டு பாதியோ 4 நிமிடமோ, எது முதலில் வருகிறதோ, அதுவரை ஓடினால் தானாகக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். தட்டே வாங்காதவருக்கு இது மட்டும் போதும். சரி, ரெக்கார்ட் பிளேயரில் கேட்டால்? தானாக ஏறாது. பாட்டுக் கோப்புகளில் ஒரே பாடகரின் பெயர் இரண்டு விதமாக இருந்தால் கணக்கும் இரண்டாகப் பிரிந்துவிடும். அப்புறம் திருத்துவது பெரிய வேலை. பெயர்களை முதலிலேயே சரிசெய்துவிடுங்கள்.