ஏஜென்சியா, மேஸ்திரியா, நேரடி பில்லா? மணலி–எண்ணூர் ஷட்டவுன் வேலைக்குப் போகிறவர்களுக்காக

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர், மணலி, வல்லூர், அத்திப்பட்டு என்று நீளும் இந்தப் பட்டையில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, 1,500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் மின் நிலையம், வட சென்னை அனல் மின் நிலையம், இரண்டு துறைமுகங்கள் என எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஓர் அலகு பராமரிப்புக்காக நிறுத்தப்படும்போது (இதைத்தான் ஷட்டவுன் என்கிறோம்), இருபது முப்பது நாட்களுக்குள் முடித்துத் தர வேண்டிய வேலைக்குப் பைப் வெல்டர், ஃபிட்டர், கனமான பொருட்களைத் தூக்கிப் பொருத்தும் ரிக்கர், சாரம் கட்டுகிறவர் என்று நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தேவைப்படுகிறார்கள். ஆலையின் நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு மட்டும் அந்த வேலையை முடிக்க முடியாது என்பதால், ஒப்பந்தத்தில் வருகிற எங்களைப் போன்றவர்களே அதில் பெரும்பகுதியைச் செய்கிறோம். நான் பதினோர் ஆண்டுகள் பைப் வெல்டராகவும், அதன்பின் எட்டு ஆண்டுகள் ஏழு பேர் கொண்ட சிறு குழுவின் பொறுப்பாளராகவும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் மேன்பவர் ஏஜென்சி வழியாகவும், மேஸ்திரி வழியாகவும், என் பெயரிலேயே பில் போட்டும் போயிருப்பதால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

பொதுவாக ஆட்கள் ஒப்பிடுவது நாள் ரேட்டை மட்டுமே. மேஸ்திரி ஆயிரத்து இருநூறு சொல்கிறார், ஏஜென்சி ஆயிரம் சொல்கிறது, ஆகவே மேஸ்திரி மேல் என்பது டீக்கடையில் முடிந்துவிடுகிற கணக்கு. என் அளவுகோல் வேறு. சம்பளம் வர வேண்டிய ஏழாம் தேதி கடந்து பத்தாம் தேதியும் வந்துவிட்டால், எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு யார் வாசலில் போய் நிற்க முடியும் என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி.

ஏஜென்சியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புகார்களும் அங்கேதான் அதிகம், முறையாக நடந்தால் பாதுகாப்பும் அங்கேதான் அதிகம். தொல்லை முதல் தொலைபேசி அழைப்பிலேயே ஆரம்பமாகிறது. எந்தக் கம்பெனி, எந்த அலகு, எத்தனை நாள் என்று கேட்டால் "பெரிய கம்பெனி, பயோடேட்டா அனுப்புங்கள், பிறகு சொல்கிறோம்" என்பார்கள். கம்பெனியின் பெயரைச் சொன்னால் நாம் நேரடியாகப் போய்விடுவோம் என்பது அவர்களுடைய பயம், அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் விளைவை அனுபவிக்கிறவர்கள் நாங்கள். பெயர் தெரியாமல் இரண்டு ஏஜென்சிகளிடம் பயோடேட்டா கொடுத்து, இரண்டும் ஒரே கம்பெனிக்கு அதை அனுப்பிவிட்டால், கமிஷன் யாருக்கு என்ற தகராறு வேண்டாம் என்று கம்பெனி அந்தப் பெயரையே ஒதுக்கிவிடும். ஒருமுறை இப்படித்தான் எனக்கு ஒரு முழு ஷட்டவுன் கைவிட்டுப் போனது. வேலை தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகு, உள்ளே இருந்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் காரணமே எனக்குத் தெரிய வந்தது.

அதைவிட என்னை வருத்திய சம்பவம் வேறொன்று உண்டு. நான் கொடுத்த பயோடேட்டாவில் ஆறு ஆண்டு அனுபவம் என்று இருந்ததை ஓர் ஏஜென்சி பத்து ஆண்டு என்று மாற்றி, நான் தொட்டே பார்த்திராத உலோகக் கலவையில் டிக் வெல்டிங் தெரியும் என்றும் சேர்த்து அனுப்பிவிட்டது. சைட்டில் சோதனைத் துண்டு கொடுத்து சிக்ஸ் ஜி நிலையில், அதாவது சாய்வாக நிலைநிறுத்திய குழாயைச் சுற்றிலும், பற்றவைக்கச் சொன்னபோது, ஆய்வாளர் கையில் இருந்த தாளில் என் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருந்ததை நானே அன்றுதான் படித்தேன். பொய் சொன்னவன் என்ற பெயர் எனக்குத்தான் வந்தது, ஏஜென்சிக்கு வரவில்லை. அன்றிலிருந்து, அனுப்பப்படும் பயோடேட்டாவின் நகலை எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒழிய நான் எந்த ஏஜென்சிக்கும் சம்மதம் சொன்னதில்லை. மூலச் சான்றிதழ்களை "வெரிஃபிகேஷன்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிற அலுவலகங்களும் இருக்கின்றன. காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது. அடுத்த வேலைக்கு நாம் போக முடியாமல் பிடித்துவைக்கும் சாவியாகவே அது பயன்படுகிறது.

இனி பணம். ஏஜென்சி கம்பெனியிடம் நமக்காக எவ்வளவு வாங்குகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை, அதைக் கேட்பதே குற்றம் போலப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் செலவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வருங்கால வைப்பு நிதியில் (பி.எஃப்.) வேலையளிப்பவர் பங்கு, காப்பீடு, போனஸ், பில் பாஸ் ஆகும் வரை கையிலிருந்து போடும் பணம் எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். ஆனால் சிலர் அந்தச் செலவையும் நம் தலையில் கட்டுகிறார்கள். நாள் ஆயிரம் ரூபாய் என்று பேசி 26 நாள் வேலை செய்தால் 26,000 ரூபாய். 15,000 ரூபாய் உச்சவரம்பில் பி.எஃப். கணக்கிட்டால் தொழிலாளியின் 12 சதவீதப் பங்கு 1,800 ரூபாய், அதைப் பிடிப்பது சரி, கைக்கு 24,200 வர வேண்டும். வேலையளிப்பவர் பங்கும் வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டுச் சந்தாவும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்த 1,950 ரூபாயையும் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 22,250 தான். வேலையளிப்பவர் பங்கைத் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்பது வைப்பு நிதித் திட்டத்திலேயே தெளிவாக எழுதப்பட்ட விதி. "எல்லாம் சேர்த்துத்தான் ஆயிரம் பேசினோம்" என்ற பதில் வந்தால், அந்த ஆயிரம் என்பது ஊதியமா, ஏஜென்சியின் மொத்தச் செலவா என்பதை வேலைக்குப் போவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஓவர்டைம் கணக்கும் அப்படித்தான். ஷட்டவுனில் ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். அதை "ஒன்றரை நாள்" என்று எழுதுவது இங்கே ஊறிப்போன வழக்கம். நாளில் ஒன்பது மணி நேரத்துக்கோ வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கோ மேற்பட்ட நேரத்துக்கு இரட்டிப்பு வீதம் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது; பழைய சட்டங்களை ஒன்றாக்கிய இன்றைய தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு என்றே சொல்கிறது. வாரம் ஆறு நாள் பன்னிரண்டு மணி நேரம் என்றால், வார வரம்புக்கு மேல் நாளுக்கு நான்கு மணி நேரம் கூடுதல். அந்த நான்கு மணி நேரத்துக்கு இரட்டிப்பு என்றால் அது எட்டு மணி நேரக் கூலி, அதாவது ஷிஃப்டுக்கு மொத்தம் இரண்டு நாள் சம்பளம். ஒரு ஷிஃப்டுக்கு அரை நாள் என்று இருபத்தைந்து நாட்களில் எவ்வளவு போகிறது என்பதை அவரவர் ரேட்டில் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இதில் ஏஜென்சியையும் மேஸ்திரியையும் நான் பிரித்துப் பேச மாட்டேன். இருவரும் ஒன்றரை என்றே எழுதுகிறார்கள்.

தாமதத்துக்கு ஏஜென்சி சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "கம்பெனி பில் பாஸ் ஆகவில்லை." மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தரப்பட வேண்டும், அது கம்பெனி ஏஜென்சிக்குப் பணம் தருவதோடு கட்டப்பட்டதல்ல. ஏஜென்சி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஆலை நிர்வாகம், அந்தக் கூலியைத் தந்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்து, இப்போது தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த அந்தத் தொகுப்புச் சட்டங்களின்படி நியமனக் கடிதம் தருவது கட்டாயம், வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். ஏஜென்சி வழியாகப் போவதன் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. கேட் பாஸில் நம் பெயர், வருகைப் பதிவேட்டில் நம் பெயர், பி.எஃப். கணக்கில் நம் பெயர் என்று மூன்று இடங்களில் தடயம் இருப்பதால், ஆலையின் மனிதவளப் பிரிவிடமோ தொழிலாளர் துறையிடமோ போய்ச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஒரு ஏஜென்சி வேலையை எடுத்து, இரண்டாவது ஏஜென்சியிடம் ஆள் கேட்டு, அது மூன்றாவதிடம் கேட்கும் சங்கிலியில் நாம் கடைசியில் நின்றால், அந்தப் பலம் முழுவதும் கரைந்துபோகும். நம்மைக் கூப்பிட்டவர் பெயரும் கேட் பாஸில் ஒப்பந்ததாரர் என்று அச்சிட்டிருக்கும் பெயரும் ஒன்றா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

ஏஜென்சி மாறி மாறிப் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, யு.ஏ.என். என்ற நிரந்தர பி.எஃப். எண் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு ஏஜென்சிக்கும் தனி உறுப்பினர் எண் விழுவது. நாம் வேலையை விட்ட தேதியை அவர்கள் பதியாமல் விட்டால் பணத்தை எடுக்கவோ மாற்றவோ முடியாது. முன்பு இதற்காக அவர்கள் அலுவலகப் படியில் நான் பல நாள் காத்துக் கிடந்திருக்கிறேன். 2020 தொடக்கத்திலிருந்து, கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கழித்து, விலகிய தேதியை நாமே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். இது தெரியாமல் சிறு தொகைகளை நான்கைந்து கணக்குகளில் விட்டுவைத்திருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மேஸ்திரி வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எர்ணாவூரிலோ சாத்தாங்காட்டிலோ இருக்கிற தெரிந்த மனிதர், இன்று சொன்னால் நாளை வேலை, வீட்டில் அவசரம் என்றால் முன்பணம், வாரக் கடைசியில் கையில் கூலி. நாட்கள் வீணாவதில்லை, பயோடேட்டா திரிக்கப்படுவதும் இல்லை, ஏனென்றால் நம் கை வேலையை அவர் நேரில் பார்த்திருக்கிறார். மனித உறவு என்று பார்த்தால் மூன்றிலும் இதுவே இதமானது. என் பதின்ம வயதில் எலக்ட்ரோடு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் ஒரு மேஸ்திரிதான், அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் காகிதம் எதுவும் கிடையாது. அவசரத்தில் வேறொருவர் பெயரிலுள்ள கேட் பாஸில் ஆள் உள்ளே போகிற வழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும்: ஒருபோதும் அப்படிப் போகக் கூடாது. உயரத்தில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு பற்றிய சட்டம் முதன்மை வேலையளிப்பவரையும் பொறுப்பாக்குகிறது, ஆனால் அன்று அந்த இடத்தில் நாம் இருந்தோம் என்பதற்கே ஆதாரம் இல்லாதபோது குடும்பம் எதை வைத்துக்கொண்டு கேட்கும்?

நேரடி பில் என்பது நம் பெயரிலேயே உத்யம் என்ற சிறுதொழில் பதிவை அரசிடம் செய்து, வேலை ஆணை வாங்கி, முடித்த வேலைக்கு நாமே பில் கொடுப்பது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமும் இல்லை. ஆனால் பெரிய ஆலைகள் ஜி.எஸ்.டி. எண், பி.எஃப். குறியீடு, தொழிலாளர் காப்பீடு, முன்வைப்புத் தொகை எல்லாம் கேட்பதால், ஏழு பேர் குழு அங்கே நேராக நுழைய முடியாது. ஆலையில் வேலை எடுத்த நடுத்தர ஒப்பந்ததாரரிடம் துணை ஒப்பந்தமாக எடுப்பதே நடைமுறையில் சாத்தியம். வருமானம் இதில்தான் கூடுதல். நாள் கூலிக்குப் பதிலாக இன்ச் டயா கணக்கில், அதாவது பற்றவைக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் குழாயின் விட்டம் எத்தனை அங்குலம் என்பதை வைத்து, ரேட் பேசினால், நல்ல கைகள் இருக்கும் குழுவுக்கு ஏஜென்சி ரேட்டைப் போல ஒன்றரை மடங்கு வரை எனக்கு நின்றிருக்கிறது. அதே நேரம் ரேடியோகிராஃபி என்ற எக்ஸ்ரே போன்ற சோதனையில் ஜாயின்ட் தவறினால், வெட்டி மறுபடி பற்றவைக்கிற செலவு முழுவதும் நம்முடையது.

பணம் வர அறுபது முதல் தொண்ணூறு நாள் வரை ஆகும், வேலையாட்களுக்கோ வாரம் தவறாமல் கொடுத்தாக வேண்டும். பில்லில் ஒரு சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரக்கூடியது. ஐந்து முதல் பத்து சதவீதம் வரை ரிடென்ஷன் என்று ஓராண்டு நிறுத்திவைப்பார்கள், அதைக் கேட்டு வாங்குவது தனி வேலை. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், பில் தொகை வராவிட்டாலும் வரியை நாம் முதலில் கட்டியாக வேண்டும். தாமதத்துக்கு எதிராக 2006ஆம் ஆண்டு சிறு, குறுந்தொழில் சட்டம் 45 நாள் வரம்பும், அதற்கு மேல் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டியும் தருகிறது. அதற்கான அரசு இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். பொருளும் உழைப்பும் கலந்த முழு வேலை ஒப்பந்தங்களுக்கு அது பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதால், உழைப்புச் சேவை என்று தனியாக பில் எழுதுவதையே நான் பின்பற்றுகிறேன்.

ஏஜென்சி வழியாகப் போனவர் பின்னர் அதே கம்பெனியில் நேரடியாகச் சேரக் கூடாது என்று ஓராண்டுத் தடை எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஏஜென்சிக்கும் கம்பெனிக்கும் இடையிலுள்ள ஒப்பந்தம் வேறு விஷயம், அதைக் காரணம் காட்டிக் கம்பெனி நம்மை எடுக்கத் தயங்கலாம்.

என் அண்ணன் மகன் ஐ.டி.ஐ. முடித்து, சிக்ஸ் ஜி சோதனையில் இந்த ஆண்டு தேறியிருக்கிறான். "எங்கே போவது சித்தப்பா?" என்று அவன் கேட்டபோது, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஏஜென்சி என்றேன். நியமனக் கடிதம், தன் பெயரில் கேட் பாஸ், முதல் மாதத்திலேயே பி.எஃப். பாஸ்புக்கில் விழுந்த வரவு ஆகிய மூன்றும் இருந்தால் தொடரவும், இரண்டாம் மாதமும் பாஸ்புக் வெறுமையாக இருந்தால் அன்றே வேறு இடம் பார்க்கவும் சொன்னேன். இடையில் வேலையில்லாத வாரங்களில், தன் பெயரில் பாஸ் கிடைக்கும் என்றால் மட்டும் மேஸ்திரியிடம் போகலாம். குழுவுக்கு மூன்று மாதக் கூலி கையிருப்பில் சேரும் நாளில் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். வல்லூரில் வேலை என்று ஒரு ஏஜென்சி அவனைக் கூப்பிட்டிருக்கிறது. கடிதம் இன்னும் வரவில்லை, ஆகவே அவன் இன்னும் போகவில்லை.