கோலா கூலா: படகா, குளக்கரையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்பவர்கள் கரைப்பறவைகளைக் காண இரண்டு வழிகள் உண்டு. கடலோரச் சிற்றூரான கோலா கூலாவில் படகேறி மாத்தாங் அலையாத்திக் காட்டின் தீவுகளைச் சுற்றி வரலாம். அல்லது மோட்டார் சைக்கிளில் சென்று, உரிமையாளரின் அனுமதியோடு இறால் குளங்களின் கரையில் நிற்கலாம். நமக்குக் குளிர்காலம் கிடையாது. ஆயினும் சைபீரியாவின் குளிருக்குத் தப்பி வரும் பறவைகளால், அக்டோபர் முதல் மார்ச் வரை இக்கடற்கரை நிறைந்திருக்கும்.

எந்த வழி ஏற்றது என்பது அன்றைய கடல்நீரைப் பொறுத்தது. நீர் வற்றிய காலையில் பறவைகள் பரந்த சேற்றுவெளியெங்கும் சிதறி இரை தேடுவதால், கரையில் நிற்பவர் கண்ணுக்கு அவை வெறும் புள்ளிகளே. அப்போது படகுதான் கைகொடுக்கும். நீர் ஏறிச் சேறு மூழ்கியதும் அவை கூட்டங்கூட்டமாகக் குளங்களின் பக்கம் ஒதுங்கும். நீரேற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், சென்ற ஞாயிற்றுக்கிழமையின் நேரத்தை நம்பிப் புறப்படக் கூடாது.

படகுப் பயணத்தின் சிறப்பு பெருநாரைகள். வழுக்கைத் தலையும் கருமுதுகும் கொண்ட போத்தாக் நாரை சேற்றோரம் அசையாமல் நிற்கும். வெள்ளுடல், மஞ்சள் அலகு, சிவந்த வெற்று முகம் கொண்ட உப்பே நாரையோ அழிவின் விளிம்பில் உள்ளது. கூண்டில் வளர்க்கப்பட்டு, வனவிலங்குத் துறையால் இங்கே விடுவிக்கப்பட்ட பறவை அது. அதைக் காண்பதற்காகவே நால்வர் சேர்ந்து படகுச் செலவைப் பகிரலாம்.

இருப்பினும் தோட்டப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதானால் நான் குளக்கரையையே தேர்ந்தெடுப்பேன். ஆடும் படகில் தொலைநோக்கி நிலைகொள்ளாது. கரையில் முக்காலியை ஊன்றிவிட்டால், பவளக்கால் உள்ளான் எழும்பும் கணத்தில் அதன் சிறகின் பின்விளிம்பு வெண்பட்டையாக விரிவதையும், கருவால் மூக்கனின் நீண்ட அலகு சேற்றில் அடிவரை இறங்குவதையும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நிதானமாகப் பார்க்கலாம். அதைவிட முக்கியமான காரணமும் உண்டு: ஓய்வெடுக்கும் கூட்டத்தின் அருகே படகு நெருங்கினால் அவை அத்தனையும் எழும்பிவிடும், மார்ச் மாதத்தில் வடக்கே பறப்பதற்காகச் சேர்த்த கொழுப்பு அப்படி வீணாகிறது. ஆகவே படகில் போனாலும், கூட்டம் தலைதூக்கிப் பார்க்கத் தொடங்கும்போதே படகின் எஞ்சினை நிறுத்தும்படி படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.