காரீயமும் துத்தநாகமும்: திரும்பி வருவது எது?

போன மாதம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றினேன். புதியதை இறக்க வந்த கடைப் பையன், பழையதைத் தொடுவதற்கு முன்பே பில்லில் அதன் விலையைக் கழித்துவிட்டான். அதே வாரம் அடி ஓட்டையான ஜி.ஐ. வாளி ஒன்றைக் காயலான் கடையில் போட்டேன். இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதன்மேல் பூசியிருந்த துத்தநாகத்தைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம். அது வேறு உலோகம். இங்கே பேசுவது இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருக்கும் காரீயத்தை.

காரீயத்துக்கு இன்று ஒரே பெரிய வேலைதான். உலகில் செலவாகும் காரீயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பேட்டரிக்குள் போகிறது. பெட்ரோலில் கலப்பதை இந்தியா 2000-இல் நிறுத்தியது. கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. துத்தநாகம் அப்படி ஓரிடத்தில் அடங்குவதில்லை. ஏறக்குறைய பாதி, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூச்சாகப் போகிறது. மீதி பித்தளையில், ஜிப்பில், கதவுக் கைப்பிடியில், டயர் ரப்பரில் என்று சிதறிக் கிடக்கிறது. நெல் வயலுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான். வயலில் போட்டதை யார் திரும்ப அள்ளப் போகிறார்கள்?

மறுசுழற்சியில் காரீயம் ஜெயிப்பதற்குக் காரணம் அதன் குணம் மட்டுமல்ல, அது பெட்டிக்குள் இருப்பதுதான். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். உடைத்துத் தண்ணீரில் போட்டால் பிளாஸ்டிக் மிதக்கும், காரீயம் அடியில் தங்கும். உருகுவதற்கு 327 டிகிரி போதும். உலகில் உற்பத்தியாகும் காரீயத்தில் பாதிக்கு மேல் பழையதிலிருந்தே வருகிறது.

துத்தநாகத்தின் வழி சுற்றுவழி. என் வாளி, பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்குப் போனால், இரும்பு உருகுவதற்குள் துத்தநாகம் ஆவியாகிவிடும். அதன் கொதிநிலை 907 டிகிரிதான். புகைபோக்கியில் பிடிக்கும் தூசியோடு சேர்ந்து நிற்கும். அந்தத் தூசியைக் கரியோடு கலந்து சுழலும் சூளையில் சுட்டால் துத்தநாக ஆக்சைடு கிடைக்கும். அதிலிருந்துதான் மறுபடி உலோகம் எடுக்க வேண்டும். வாளியாக இருந்த காலத்தில் மழையும் வெயிலும் கரைத்த பூச்சு போனது போனதுதான். அதைக் குறை சொல்லவும் முடியாது. தான் கரைந்து இரும்பைக் காப்பதற்குத்தானே பூசினோம்? பித்தளை மட்டும் விதிவிலக்கு. பழைய குத்துவிளக்கை உருக்கினால் பித்தளையாகவே திரும்பி வரும். ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்தது என்பார்களே, இந்த விஷயத்தில் இளிக்கக் கொஞ்சம் உரிமை உண்டு.

சரி, அப்படியானால் காரீயமே மேல் என்று சொல்லிவிடலாமா? பேட்டரி போய்ச் சேரும் இடத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. முறையான ஆலையில் அமிலத்தைத் தனியாகப் பிடித்து, புகையை வடிகட்டி உருக்குகிறார்கள். கொல்லைப்புறத்தில் கோடாலியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த சட்டியில் காய்ச்சுவதும் நடக்கிறது. செனகலின் டக்கார் அருகே தியாரோயில் பேட்டரி உடைத்த மண்ணில் காரீயத் துணுக்குகள் கிடந்தன. விலை கிடைக்கிறதே என்று ஜனங்கள் அந்த மண்ணைத் தோண்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தன. ரத்தத்தில் இவ்வளவு வரை காரீயம் இருக்கலாம் என்று சொல்லத்தக்க பத்திரமான அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

துத்தநாகமும் முழுச் சாது அல்ல. ஜி.ஐ. பைப்பை வெல்டிங் வைப்பவர் அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் விட்டுவிடும். அதே துத்தநாகத்தைத்தான் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு மாத்திரையாகக் கொடுக்கிறோம்.

அதனால் என் கணக்கு இது: திரும்பி வருவதில் காரீயம் முந்துகிறது, பக்கத்தில் வைத்துக்கொள்ளத் துத்தநாகமே தேவலை. பழைய பேட்டரிக்கு இருநூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்று தெருவில் கேட்டு வருபவரிடம் நான் கொடுப்பதில்லை. பில் போடும் கடைக்கே போகிறது. வாளி எந்தக் கடைக்குப் போனாலும் சரி.