முறுக்கு நமத்துப் போகக் கூடாது, கவரும் மக்கணும்: நான்கு படலங்கள் பக்கத்தில் பக்கத்தில்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் அம்மா முறுக்கும் தட்டையும் போட்டு விற்கிறார். சின்ன வியாபாரம்தான், ஆனால் அதற்கே மாதம் எத்தனை கவர் போகிறது என்று எண்ணிப் பார்த்த அன்று எனக்கு மனசே சரியில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2022 ஜூலை 1-ல் வந்த நாடு தழுவிய தடையில் இனிப்புப் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள்கூட இருக்கிறது, தின்பண்டம் அடைக்கும் பாக்கெட் இல்லை. அதாவது சட்டம் எங்களைக் கேட்கவில்லை, நாங்களாகத்தான் மாற வேண்டும். ஒரு வருஷமாக நான்கு வகையைப் பார்த்துவிட்டேன், மூன்றைக் கையால், ஒன்றைப் படித்து.

முதலில் ஒரு விஷயம். "மக்குமா?" என்று மட்டும் கேட்டு வாங்கினால் ஏமாந்துவிடுவோம். முறுக்குக்கு இரண்டு எதிரி: ஈரக்காற்று உள்ளே போனால் நமத்துப் போகும், ஆக்சிஜன் போனால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். சாதாரண பாலித்தீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுக்காது. தாவர நாரிலிருந்து வரும் செல்லுலோஸ் இதற்கு நேர் எதிர். காய்ந்திருக்கும்வரை ஆக்சிஜனை உள்ளே விடாது, நீராவிக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கும். எண்ணெய், மெழுகு எல்லாம் இந்தக் கதையில் நுழைவது அந்தக் கதவை மூடத்தான்.

முதல் வகை, கடையில் "மக்கும் பை" என்று கிடைப்பது. பெரும்பாலும் பிஎல்ஏ, பிபிஏடி என்ற இரண்டு பிளாஸ்டிக்கின் கலவை. பிஎல்ஏ மக்காச்சோளம், கரும்பு மாதிரியானவற்றின் சர்க்கரையைப் புளிக்க வைத்து எடுப்பது. பிபிஏடி பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனாலும் மக்கும். பை நன்றாக இருக்கிறது, சீலர் மெஷினில் ஒட்டுகிறது, அம்மாவுக்கும் பிடித்தது. சிக்கல் அதற்கப்புறம்தான். மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 17088-ன் சோதனையே சுமார் 58 டிகிரி சூட்டில் நடப்பது, 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்பது கணக்கு. பெரிய உரக்கூடத்தில் அந்தச் சூடு கிடைக்கும், எங்கள் மொட்டைமாடி உரத்தொட்டியில் கிடைக்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கிளறியபோது காய்கறித் தோல் கருப்பு மண்ணாகியிருந்தது, பை கிழிந்து கிழிந்து அப்படியே இருந்தது. சரி, ஈரக் குப்பையோடு போட்டால் பெரிய கூடத்துக்காவது போகுமே என்று போட்டேன். குப்பை வாங்க வரும் அக்கா அதைத் தனியாக எடுத்துப் போட்டுவிட்டார். "பாக்க பிளாஸ்டிக் மாதிரியேதானே இருக்கு, நாங்க எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சேர வேண்டிய இடத்துக்குச் சேராத பை மக்கும் பையே இல்லை என்பதுதான் என் கட்சி, விலை குறைந்தாலும் இதற்குத் திரும்ப மாட்டேன்.

இரண்டாவது, செல்லுலோஸ் படலம், பழைய செலோஃபேன். சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக் பிராண்டன்பர்கர் 1908-ல் உருவாக்கியது, புதிது ஒன்றும் இல்லை. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து, மறுபடி தாளாக இழுக்கிறார்கள். அந்தக் கார்பன் டைசல்பைடு வேலை செய்பவர்களின் நரம்பைப் பாதிக்கும் விஷம், ஆகவே தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே செய்முறையும் சுத்தம் என்று எண்ண வேண்டாம். வெறும் படலம் மழைக்காலத்தில் தட்டையைக் காப்பாற்றவில்லை, மூன்றே நாளில் நமத்துவிட்டது. மேல்பூச்சு போட்ட வகை தாங்கியது. வெறும் படலத்தை மெழுகுவர்த்தித் தீயில் காட்டி ஒட்டவும் முடியாது, உருகாது, கருகும். ஆனால் முறுக்கினால் முறுக்கினபடி நிற்கும், பழைய காலத்து மிட்டாய்த் தாள் மாதிரி.

மாமூல்பேட்டையில் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கண்ணாடித் தாள் என்று கேட்டால் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனைத்தான் எடுத்துத் தருவார்கள். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். செல்லுலோஸ் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், மற்றது உருகிச் சொட்டும், மெழுகு வாடை வரும்.

மூன்றாவது நாமே செய்வது, நான் அதிக நாள் செலவழித்தது இதில்தான். ஜவ்வரிசி வடாம் காய்ச்சத் தெரிந்த வீட்டுக்குப் படலம் செய்வது புது வித்தை இல்லை. மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் கண்ணாடி மாதிரித் தெளியும், தட்டில் ஊற்றி நிழலில் காயவைத்தால் தாளாக உரிந்து வரும். வெறும் மாவென்றால் வடாம் மாதிரியே நொறுங்கும், அதனால் மாவின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கிளிசரின் சேர்க்க வேண்டும், அப்போதுதான் மடியும். கிளிசரின் ஈரத்தை இழுக்கும் என்பதால் ஜூலை மாதத்தில் தாள் கையில் ஒட்டியது, பனிக்காலத்தில் விறைத்தது. வலுவுக்கு வாழைநார். மட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்கி, காஸ்டிக் சோடா கரைசலில் வேகவைத்து, பலமுறை அலசி மிக்ஸியில் அடித்தேன் (கையுறை, கண்ணாடி இல்லாமல் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள், அந்தப் பாத்திரமும் மிக்ஸி ஜாரும் சமையலுக்குத் திரும்பக் கூடாது). முதல் தடவை நீளமாகவே போட்டதில் நார் பிளேடைச் சுற்றிக்கொண்டு மோட்டார் நின்றே போனது. நார் சேர்ந்த தாள் வெறும் மாவுத் தாளைவிட இழுப்புக்கு நன்றாகத் தாங்கியது, கிழிந்தாலும் நேராகப் போகாமல் நாரைச் சுற்றிச் சுற்றித்தான் போனது.

அப்புறம் எண்ணெய். தேங்காயெண்ணெய்தான் முதலில் ஊற்றினேன், அது தப்பு. 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் அது, காலையில் தாள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்தது, மத்தியானம் வேர்த்த மாதிரி மேலே கசிந்தது. கடலையெண்ணெய் காயாமல் பிசுபிசுத்தது. ஆளிவிதை எண்ணெய் வேறு ரகம், காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித் தானே இறுகும். மெல்லிய பூச்சு சில நாளில் காய்ந்து, மேலே விட்ட தண்ணீர் முத்து முத்தாக நின்றதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம். ஆனால் பெயின்ட் வாடை, தின்பண்டத்துக்கு ஆகாது. இன்னொன்று, அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், தண்ணீரில் நனைத்து வையுங்கள். கடைசியில் தேன்மெழுகு. 62 டிகிரி வாக்கில் உருகும், தூரிகையால் தடவினால் போதும், மடிப்பில் மட்டும் வெடிக்கும்.

நான்காவது வீட்டில் முடியாதது. இங்கே பஸ்காரர்கள் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று கூப்பிடும் இந்திய அறிவியல் கழகத்தில் விளக்கெண்ணெயையும் செல்லுலோஸையும் டைஐசோசயனேட் என்ற இணைப்பு வேதிப்பொருளால் சேர்த்துத் தாள் செய்திருக்கிறார்கள். விளக்கெண்ணெயிலும் செல்லுலோஸிலும் ஹைட்ராக்சில் என்ற கொக்கி இருக்கிறது, ஐசோசயனேட் இரண்டு கையாலும் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் மேலே பூசப்படவில்லை, நாரோடு பிணைந்துவிடுகிறது, அதனால் என் தேங்காயெண்ணெய் மாதிரிக் கசிய வழி இல்லை. சமையலுக்கு வராத எண்ணெய், அறுவடைக்கப்புறம் வயலில் எரிக்கும் பயிர்க்கழிவிலிருந்து எடுக்கக்கூடிய செல்லுலோஸ், இரண்டுமே யார் சாப்பாட்டையும் பறிக்காது. மாவுப் படலத்தின் மேல் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை அதுதான், மரவள்ளி உணவாச்சே. ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுப்பது, ஆகவே தொழிற்சாலையில் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. கடைக்கு வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

இப்போதைக்கு முறுக்கு, தட்டைக்கு மேல்பூச்சுப் போட்ட செல்லுலோஸ் கவர், பிளாஸ்டிக்கைவிட விலை கூடத்தான், அம்மா பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் ஏற்றிவிட்டார். அக்கம்பக்கத்தில் இரண்டு நாளில் தீர்ந்துவிடும் இட்லிப் பொடிக்கு நார் சேர்த்த மாவுத் தாள், மேலே மெழுகு. பெயரும் தேதியும் போட்ட பிளாஸ்டிக் ஸ்டிக்கரையும் நிறுத்தியாச்சு. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, தாள் செய்து மிஞ்சின வாழைநாரால் கட்டித் தருகிறார்.